புதுப்பிப்பு: அல்சூர் வீட்டுப் பூந்தொட்டியில் இருந்தது பாம்புக்குட்டி இல்லை

போன வாரம் ஒரு படம் போட்டு, "துளசித் தொட்டி மண்ணுக்குள் சிவப்பு வாலோடு நெளிகிறது, விரியன் குட்டியா?" என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் பாம்பு என்றீர்கள். பக்கத்து வீட்டு அக்கா துடைப்பத்தோடு வந்துவிட்டார். நல்லவேளை, அடிக்க விடவில்லை.

அது பாம்பரணை, அரணையில் ஒரு வகை. குட்டியாக இருக்கும்போதுதான் வால் இப்படிச் சிவந்திருக்கும். நாலு குட்டிக் கால்களும் உடம்போடு ஒட்டிக்கிடந்ததால் படத்தில் தெரியவில்லை.

ஆனால் கால் இருக்கிறதா என்பதை மட்டும் வைத்துப் பாம்பா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டாம். ஒடிசாவில் சிலிகா ஏரியின் பர்குடா தீவில் காலே இல்லாத அரணை உண்டு. 1917-லேயே அதை விவரித்து எழுதியிருக்கிறார்கள். முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நேற்று வெயில் காய வந்தபோது தள்ளி நின்று கவனித்தேன்: கண்ணை மூடித் திறந்தது! பாம்புக்கு இமையே கிடையாது. கண்ணுக்குப் பின்னால் சின்னக் காதுத் துளையும் இருந்தது, அதுவும் பாம்புக்கு இல்லை. (வீட்டுப் பல்லிக்கும் இமை கிடையாது, ஆனால் அதைப் பாம்பு என்று யாரும் நினைக்கப்போவதில்லை.) பிளந்த நாக்கை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், உடும்புக்கும் அப்படித்தான்.

"அரணை கடித்தால் மரணம்" என்று எழுதியவர்களுக்கு: அரணைக்கு விஷமே இல்லை. இந்தச் சொல்லால் எத்தனை அரணைகள் அடிபட்டுச் சாகின்றன என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அடையாளம் தெரியாததைக் கையால் மட்டும் தொடாதீர்கள். எங்கள் தொட்டியில் அது இன்னும் இருக்கிறது. அக்காவே இன்று காலை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.