பழைய ஸ்ப்ளெண்டரில் மின்மோட்டார்: ஹப்பா, செயினா?

தாம்பரத்தான்
வணக்கம் நண்பர்களே. இன்ஜின் போன ஸ்ப்ளெண்டர் ஒன்று வீட்டில் சும்மா நிற்கிறது. அதை மின்சார பைக்காக மாற்றலாம் என்று இருக்கிறேன். 72 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 3 கிலோவாட் மோட்டார். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாகப் பெருங்குடி போய்வர வேண்டும். பல நாள் பின்னால் மனைவியும் இருப்பார். 60 கிலோமீட்டர் வேகம் போதும். பேட்டரி, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் எல்லாம் முடிவாகிவிட்டது. பின் சக்கரத்துக்குள்ளேயே உட்காரும் ஹப் மோட்டாரா, இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்துச் செயினில் ஓட்டுவதா என்பதில்தான் மண்டை காய்கிறது.

வேளச்சேரிக்காரன்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஹப் போடுங்கள். சக்கரத்தை மாட்டி, ஒயரை இழுத்து, கன்ட்ரோலரில் சொருகினால் வண்டி ஓடும். செயின் கிடையாது, ஸ்பிராக்கெட் (செயின் பல்சக்கரம்) கிடையாது, எண்ணெய் போட வேண்டாம், சத்தமும் இல்லை. டிவிஎஸ் ஐக்யூப் ஹப் மோட்டாரில்தானே ஊர் முழுக்க ஓடுகிறது? மேம்பாலம் ஏறவில்லையா? வீட்டில் செய்யும்போது நகரும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அம்பத்தூர் லேத்
தம்பி, ஐக்யூபை உதாரணம் காட்டும்போது அதன் சக்கரத்தையும் பார்க்கணும். அது 12 அங்குலம், உங்கள் ஸ்ப்ளெண்டர் 18 அங்குலம். டயரோடு சேர்த்து ஆரம் அதில் சுமார் 23 சென்டிமீட்டர், இதில் 30. அதே மோட்டார் அதே டார்க் (முறுக்குவிசை) கொடுத்தாலும், தரையில் கிடைக்கும் தள்ளுவிசை ஸ்கூட்டரில் 30 சதவீதம் அதிகம். ஸ்கூட்டருக்குச் சரியாக இருக்கும் ஹப், பைக் சக்கரத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்காகவே பார்ப்போம். வண்டியும் இரண்டு பேரும் சேர்த்து 250 கிலோ. மேடவாக்கம் மேம்பாலத்தில் நூற்றுக்கு நான்கு ஏற்றம் என்று வைத்துக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், ஏற்றம், உருளும் எதிர்ப்பு, காற்று எல்லாம் சேர்த்து சுமார் 180 நியூட்டன். அதாவது 2 கிலோவாட். சக்கரத்தில் 54 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். ஹப் என்றால் அந்த 54-ஐயும் மோட்டாரே நேராகக் கொடுக்கணும். செயின் வைத்துச் சுற்று வேகத்தை ஏழு மடங்கு குறைத்தால் மோட்டார் தண்டில் 8 கூட வேண்டாம். டார்க் கூடினால் கரண்ட் கூடும். கரண்ட் இரண்டு மடங்கானால் காப்பர் சூடு நான்கு மடங்கு.

வேளச்சேரிக்காரன்
கணக்கு சரி அண்ணே, முடிவு தப்பு. ஹப் மோட்டாரும் செயின் மோட்டாரும் ஒரே சைஸ் என்று வைத்துப் பேசுகிறீர்கள். ஹப்பை அகலமான விட்டத்தில், நிறையக் காந்தம் வைத்துச் செய்வதே டார்க்குக்காகத்தான். 15 கிலோவுக்கு மேல் இரும்பும் செம்பும் இருக்கிறது, அது சூடேற நேரம் எடுக்கும். மேம்பாலம் ஏறி இறங்க எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம். அதற்குள் என்ன உருகிவிடும்? மிச்ச வழியெல்லாம் சப்பைத் தரை. சென்னை என்ன ஊட்டியா?

அம்பத்தூர் லேத்
அந்த 15 கிலோ எங்கே தொங்குகிறது? ஷாக்குக்குக் கீழே, சக்கரத்தோடு. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஒரு மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் அந்தக் கனம் முழுசும் ரிம்மில் இறங்கும். ஸ்போக் தளரும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் இடுப்பு பிடிக்கும். பஞ்சர் ஆனால் இன்னொரு கூத்து. மோட்டாருக்குக் கரண்ட் போகும் மூன்று தடி பேஸ் ஒயர், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தால்தான் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தையே தொடுவார். டியூப்லெஸ் ரிம் போட்டால் கொஞ்சம் பிழைக்கலாம்.

இதைவிட முக்கியம் அச்சு. ஹப்பில் சக்கரம் முன்னால் சுற்ற, அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் காடியும் நட்டும்தான். சாதாரண பைக் ஸ்விங்ஆர்ம் அதற்காகச் செய்ததல்ல. அச்சைச் சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் தகடு இல்லாமல் ஓட்டினால் ஒருநாள் அச்சு காடிக்குள் சுழன்று, உள்ளே போகும் ஒயரை முறுக்கி அறுத்துவிடும். பேஸ் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினால் கன்ட்ரோலரும் போச்சு. ரீஜென் பிரேக் (மோட்டாரே பிரேக் பிடித்துப் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) வைத்தால் அச்சு இரண்டு பக்கமும் ஆடும், நட்டு இன்னும் சீக்கிரம் தளரும்.

வேளச்சேரிக்காரன்
டார்க் ஆர்ம் இரண்டு பக்கமும் போடணும், ஒத்துக்கொள்கிறேன். நல்ல கனமான தகட்டில் உங்கள் மாதிரி லேத்காரரே வெட்டிக் கொடுப்பார். அதற்காக ஹப்பே வேண்டாமா?

கியர் விடாதவன்
ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு சந்தேகம். இன்ஜினில் சிலிண்டர், பிஸ்டனை மட்டும் எடுத்துவிட்டு, கிளட்ச், கியர்பாக்ஸ் இருக்கிற கிரேங்க்கேசை அப்படியே வைத்து, அதற்கு மோட்டாரைக் கொடுத்தால் என்ன? நான்கு கியரும் கிடைக்குமே. கியர் இல்லாத பைக்கை பைக் என்றே எனக்குச் சொல்ல வரவில்லை.

அம்பத்தூர் லேத்
பெட்ரோல் இன்ஜினுக்குக் கியர் எதற்கு? நின்ற இடத்தில் அதற்கு டார்க் கிடையாது. மின்மோட்டாருக்கு முதல் சுற்றிலேயே முழு டார்க் உண்டு. கியர்பாக்ஸை வைத்தால் கனம், எண்ணெய், பல்சக்கர உராய்வு எல்லாம் கூடவே வரும். கிரேங்க் தண்டோடு மோட்டார் தண்டை நேர்கோட்டில் இணைப்பது தனி வேலை, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் பாதியில் விடுகிறார்கள். ஆசைக்காகச் செய்வதென்றால் செய்யுங்கள்.

கிண்டி எஸ்டேட்
பெல்ட்டை யாரும் சொல்லவில்லையே? ஏத்தர் ஸ்கூட்டர் பெல்ட்டில்தானே ஓடுகிறது?

அம்பத்தூர் லேத்
பெல்ட் மூடிய வளையம், செயின் மாதிரி லிங்க் கழற்றி மாட்ட முடியாது. ஸ்ப்ளெண்டரில் ஸ்விங்ஆர்மை வெட்டித் திறந்தால்தான் உள்ளே போகும். வெட்டிய ஸ்விங்ஆர்மில் குடும்பத்தை உட்கார வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேளச்சேரிக்காரன்
மழையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எங்கள் தெருவில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். செயினுக்கு மோட்டாரை எங்கே வைப்பீர்கள்? கிரேங்க்கேஸ் இருந்த இடத்தில். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். ஹப்பின் அச்சு 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. தண்ணீரில் முதலில் மூழ்குவது யாருடைய மோட்டார்?

அம்பத்தூர் லேத்
மோட்டாரை அடியில் வைக்கணும் என்று சட்டமா? ஸ்விங்ஆர்ம் மடங்கும் பிவட்டை ஒட்டி, அதே உயரத்தில் வைக்கலாம். முன் ஸ்பிராக்கெட்டைப் பிவட் பக்கத்தில் வைத்தால் இன்னொரு லாபம், ஷாக் ஏறி இறங்கும்போது செயின் தொய்வு அவ்வளவாக மாறாது.

ஹப்பில் தண்ணீர் போகும் விதமே வேறு. ஓடிச் சூடான மோட்டார் தேங்கிய தண்ணீரில் இறங்கியதும் திடீரென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஒயர் வரும் அச்சுத் துளை வழியாகவும் பேரிங் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. அடுத்த மாதம் திறந்து பார்த்தால் ஸ்டேட்டர் (சுற்றாத உள்பாகம்) தகடெல்லாம் துருவும் ஹால் சென்சார் பலகையில் பச்சைக் களிம்பும். என் பட்டறைக்கு வந்த ஹப்களில் பாதிக்கு இதுதான் வியாதி.

ஆர்டிஓ வாசல்
நீங்கள் இருவரும் டார்க்கிலேயே இருங்கள். தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52-ஐப் படித்துவிட்டீர்களா? ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியை நினைத்தபடி மாற்றி ரோட்டில் ஓட்ட முடியாது. சோதித்து ஒப்புதல் வாங்கிய கிட் என்றால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வழி இருக்கிறது. ஹப்பை இங்கே, கன்ட்ரோலரை அங்கே என்று வாங்கிக் கோர்த்ததற்கு அந்த வழி இல்லை. பதிவே வேண்டாத வகை 250 வாட்டுக்குக் கீழ், 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ். உங்களுடையது 3 கிலோவாட். பெருங்குடி வழியில் யார் மீதாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். மனைவியைப் பின்னால் ஏற்றுவதற்கு முன்னால் இதை யோசிக்கவும்.

வேளச்சேரிக்காரன்
அக்கா வந்தாலே இழை அமைதியாகிவிடும்.

தாம்பரத்தான்
அக்கா சொல்வது நியாயம். ஆபீசுக்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கவே இருக்கு. வண்டியை எப்படியும் கட்டத்தான் போகிறேன். கோவளம் தாண்டி சித்தப்பாவுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது, முள்வேலிக்குள் நம்ம இடம். பம்புசெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே போக வர, உர மூட்டை எடுத்துப்போக அங்கேயே வைத்துக்கொள்கிறேன். மணல் வழி, 12 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அம்பத்தூர் லேத்
இப்போது பேச்சே இல்லை, செயின்தான். 12 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 105 சுற்று. ஹப்பும் அதே 105-இல் சுற்றிக்கொண்டு, மணலை எதிர்த்து முழுக் கரண்ட் இழுக்கும். அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியிலிருந்து வருவதில் பெரும்பங்கு சூடாகவே போகும். மேம்பாலம் ஒரு நிமிஷம் என்றாரே, தோப்பில் கேட்டு வரைக்கும் மேம்பாலம்தான்.

வேளச்சேரிக்காரன்
மெதுவான வேகம், மணல், மூட்டை என்றால் ஹப்புக்குச் சரிவராது, அதை நான் மறுக்கவில்லை. ரோட்டுக்கு நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் அண்ணே, மணலில் திறந்த செயின் என்ன ஆகும்? எண்ணெயில் ஒட்டிய மணல் அரம் போட்ட மாதிரி ரோலரைத் தின்னுமே. அதுவும் கடலோரக் காற்று, உப்பு வேறு.

அம்பத்தூர் லேத்
நல்ல கேள்வி. ஸ்ப்ளெண்டரில் செயினை முழுசாக மூடும் கவர் உண்டு. பலர் அழகுக்காகக் கழற்றிப் போடுவார்கள், நீங்கள் அதைப் போடாமல் ஓட்டாதீர்கள். அதில் ஒரு சிக்கல், பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கினால் கவருக்குள் நுழையாது. அதனால் ஏழு மடங்கையும் செயினிலேயே எடுக்க முடியாது. உள்ளேயே 2.35 மடங்கு குறைப்புப் பல்சக்கரம் உள்ள, வண்டி நடுவில் வைக்கும் மிட் டிரைவ் மோட்டார் கிடைக்கிறது. அதை வாங்கி முன்னால் 14 பல், பின்னால் 42 பல் போட்டால் மொத்தம் ஏழு மடங்கு. மோட்டார் 4,000 ஆர்பிஎம் தொடும்போது 65 கிலோமீட்டர் வேகம். தோப்புக்கு அவ்வளவு வேகம் வேண்டாம் என்றால் முன்னால் 13 பல் போடுங்கள்.

தாம்பரத்தான்
கவர் பரணில் இருக்கிறது அண்ணே. மோட்டார் பிளேட்டை நீங்களே வெட்டித் தருவீர்களா?

அம்பத்தூர் லேத்
தரலாம். மோட்டார் கைக்கு வந்த பிறகு போல்ட் துளைகளை அட்டையில் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள், இணையத்தில் இருக்கும் வரைபடத்தை நம்பி வராதீர்கள். சேசிஸையும் பின் சக்கரத்தோடு ஒரு குட்டியானையில் ஏற்றிவிடுங்கள். இரண்டு ஸ்பிராக்கெட்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெல்டிங் வைப்பேன். ஞாயிறு பட்டறை லீவு.

வேளச்சேரிக்காரன்
நானும் வருகிறேன். செயின் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று வீடியோ எடுக்கணும்.