குடும்ப வழக்குகளில் களப்பணி: மன நிறைவு எங்கிருந்து கிடைக்கும்?

வைகைக்கரை:
மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ தொண்டு நிறுவனத்திலோ குடும்பங்களைப் பார்க்கிறவங்ககிட்ட ஒரு கேள்வி. குடி, அடிதடி, பள்ளிக்குப் போகாத பிள்ளை, கடன் எல்லாம் ஒரே வீட்டில். ஆறு மாசம் நடையா நடந்து பிள்ளையை வீட்டோட சேர்த்து வெச்சா, அடுத்த மூணு மாசத்தில் அதே பிள்ளை மறுபடி குழந்தைகள் இல்லத்துக்கு வந்து நிக்குது. எதை வெச்சு "வேலை நடந்தது"ன்னு சொல்றது? "பொறுமையா இருங்க" மாதிரி அறிவுரை வேண்டாம். நடைமுறையில் என்ன செய்றீங்க?

கள_டைரி:
"குடும்பம் திருந்தணும்"னு குறிக்கோள் வெச்சா தோல்வி உறுதி. அப்பா குடியை நிறுத்துறது உங்க கையில் இல்லை. உங்க கையில் இருக்கிறதை மட்டும் எண்ணுங்க.

முதல் வீட்டுப் பார்வையிலேயே நாலு விஷயத்தை எண்ணாகக் குறிச்சுக்கலாம். போன மாசம் பிள்ளை பள்ளிக்குப் போன நாள் எத்தனை (வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அம்மா சொல்றதை வெச்சு இல்லை). ராத்திரி அடுப்பு எரியாத நாள் எத்தனை. கடைசி ஒரு வாரத்தில் கை நீட்டினது எத்தனை தடவை. கூலியில் வீட்டுக்கு வர்றது எவ்வளவு. படிவம் 22-ல் சமூக விசாரணை அறிக்கை (பிள்ளையோட வீட்டு நிலைமையைப் பத்தின அறிக்கை) எழுதும்போதும் இதே முறைதான். "தந்தை குடிகாரர்" என்று எழுதினால் அது திட்டு, தகவல் இல்லை. "வாரம் நாலு நாள் குடிக்கிறார், 700 ரூபாய் கூலியில் 200 வீட்டுக்கு வருகிறது" என்று எழுதினால் நாலு மாசம் கழிச்சு ஒப்பிட ஏதாவது இருக்கும். பள்ளி நாள் 9-லிருந்து 17 ஆயிருந்தா, அப்பா இன்னும் குடிச்சாலும், அது உங்க வேலையின் பலன். எழுதி வைக்காட்டி அந்த 17 உங்க கண்ணிலேயே படாது, வீட்டில் நடந்த கடைசிச் சண்டைதான் ஞாபகம் நிக்கும்.

பிள்ளை திரும்பி வர்றதுக்குப் பெரும்பாலும் காரணம் பாசக்குறைவு இல்லை, காகிதம். இளைஞர் நீதிச் சட்டம் 2015 விசாரணை அறிக்கைக்கு 15 நாள், பிள்ளை எங்கே இருக்கணும்னு முடிவு பண்ற குழந்தைகள் நலக் குழுவின் இறுதி உத்தரவுக்கு நாலு மாசம்னு கெடு வெச்சிருக்கு. உத்தரவு கிடைச்ச அன்னைக்கே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிடறாங்க. டிசி (பள்ளி மாற்றுச் சான்றிதழ்), எமிஸ்ங்கிற பள்ளிக் கல்வி இணையப் பதிவில் மாற்றம், ரேஷன் கார்டில் பேர், அம்மாவோட சேர்த்து வங்கிக் கணக்கு எதுவும் முடிஞ்சிருக்காது. மிஷன் வாத்சல்யாங்கிற மத்திய அரசுக் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு மாசம் 4,000 ரூபாய்; குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்கணும். ஒப்புதல் குழு கூடி முடிவெடுத்த பிறகுதான் பணம் வரும். அந்த இடைவெளி மாசங்களில்தான் வீடு உடையுது. விண்ணப்பத்தை உத்தரவுக்கு முன்னாடியே கொடுங்க.

வீட்டுப் பார்வைக்கு மதியம் போனா அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க, ராத்திரி ஏழுக்குப் போனா சண்டைக்கு நடுவில் மாட்டுவீங்க. காலை ஏழு, ஏழரைக்குப் போங்க. பிள்ளைக்குத் தலை வாரி விடறது யாரு, பைக்குள்ள என்ன இருக்கு, கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளை யார் முகத்தைப் பார்க்குது, எல்லாம் அந்த அரை மணியில் தெரிஞ்சிடும்.

ஆற்றுப்படுத்துநர்_தெற்கு:
மேலே சொன்னதோடு ரெண்டு எச்சரிக்கை. தினமும் குடிக்கிறவர்கிட்ட "இன்னைக்கே விட்டுடுங்க"ன்னு சொல்லி வீட்டில் உட்கார வைக்காதீங்க. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். ரெண்டாம், மூணாம் நாளில் பிதற்றல், நடுக்கம் வந்தா உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வழியா மருந்தோடதான் நிறுத்தணும். ரெண்டாவது, பிள்ளை பேச ஆரம்பிக்கும்போது "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. பாலியல் குற்றம்னா போக்சோ சட்டம் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற சட்டம்) பிரிவு 19-படி புகார் செய்தே ஆகணும். சத்தியம் உடைஞ்சா அந்தப் பிள்ளை அப்புறம் யாரையும் நம்பாது.

உங்க மனசைப் பத்தி: சோர்வும் அதிர்ச்சியும் ஒண்ணு இல்லை. "எல்லாக் குடும்பமும் இப்படித்தான்"னு சலிப்பு வந்தா அது பணிச்சோர்வு; ஓய்வும் வழக்கு எண்ணிக்கையைக் குறைக்கிறதும் உதவும். பிள்ளை சொன்ன காட்சி ராத்திரி கண்ணுக்குள்ள வருது, அந்தத் தெருப் பக்கம் போகவே கால் வரலைன்னா அது இரண்டாம் நிலை அதிர்ச்சி, அடுத்தவங்க துயரத்தைக் கேட்டே நமக்கு வர்றது. லீவு போட்டா தீராது. யார்கிட்டயாவது முறையாப் பேசியாகணும்; 14416 டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண், உங்களுக்கும்தான். புரோகுவோல்னு 30 கேள்வி அளவுகோல் ஒண்ணு இருக்கு, நிறைவு, சோர்வு, அதிர்ச்சி மூணையும் பத்துப் பத்துக் கேள்வியாத் தனித்தனியாக் காட்டும். கடந்த 30 நாளை நினைச்சுப் பதில் சொல்லணும். நிறைவும் அதிர்ச்சியும் ஒரே ஆள்கிட்ட ஒரே நேரத்தில் உயரமா இருக்கலாம். வேலை பிடிச்சிருக்கு, அதனால நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறவங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

தெருமுனை:
எல்லாம் சரி. ஆனா ஒப்பந்த வேலை, ஒரே ஆள், பஸ் காசு கைக்காசுன்னு இருக்கிற இடத்தில் மன நிறைவைத் தனி ஆளோட பொறுப்பாக்கறதை என்னால ஒத்துக்க முடியலை. அலுவலகத்தில் யோகா வகுப்பு வெச்சா வழக்கு எண்ணிக்கை குறையாது. இதைக் கேட்டு வாங்குங்க: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் வழக்குக் கலந்தாய்வு. "இலக்கு எத்தனை முடிஞ்சது" கூட்டத்தோட அதைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தா எல்லாரும் எண்ணிக்கையைச் சொல்லிட்டுக் கிளம்பிடுவாங்க. ஆயுதம், மிரட்டல் பதிவான வீட்டுக்கு ரெண்டு பேராத்தான் போகணும். சொந்த நம்பரைக் கொடுக்காதீங்க. 1098-உம் (குழந்தைகள் உதவி எண்) 181-உம் (பெண்கள் உதவி எண்) 24 மணி நேரமும் எடுக்கும், நீங்க எடுக்க முடியாது.

வைகைக்கரை:
எண்ணிக் குறிக்கிறது புரியுது, நாளைக்கே தொடங்கிடலாம். ஒரு குடும்பத்தோட வழக்குக் கோப்பை மூடறது எப்படின்னும் சொல்லுங்க. சும்மா போறதை நிறுத்திடறோம், அதுவே மனசை உறுத்துது.

கள_டைரி:
திடீர்னு நிறுத்தாதீங்க. மூணு சந்திப்பு இருக்கும்போதே "இன்னும் மூணு தடவைதான் வருவேன்"னு சொல்லிடுங்க. பல வீட்டில் அந்த வாரமே ஏதாவது பிரச்சினை கிளம்பும், பயத்தில் வர்றதுதான். அதுக்காக மறுபடி ஆறு மாசம் நீட்டாதீங்க. ஒரு தடவை கூடப் போய்ப் பாருங்க, போதும். கடைசிச் சந்திப்பில் முதல் நாள் எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு அம்மாகிட்ட காட்டுங்க, என்ன மாறுச்சுன்னு அவங்க வாயாலேயே சொல்லட்டும். பள்ளியில் எந்த ஆசிரியர், கிராமத்தில் எந்த அங்கன்வாடிப் பணியாளர் கவனிப்பாங்கன்னு பேர் சொல்லிக் கொடுங்க. அந்தச் சந்திப்பை ஞாயிற்றுக்கிழமை வையுங்க. பிள்ளை பள்ளியில் இருக்கிற நேரமாப் பார்த்துப் போய்ச் சொல்லிட்டு வந்தா, அது அடுத்த மாசமும் வாசல்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்.