புருவம் கொட்டுற பிள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். பரந்தனில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சியின் மகள் உயர்தரம் படிக்கிறாள். முதலில் பின்தலையில் காசு அளவுக்கு வழுவழுவென்று ஒரு வட்டம் விழுந்தது. பிறகு இடப்பக்கப் புருவத்தின் வால் கொட்டி, இப்போது அரைவாசிதான் மிச்சம். தோல் வைத்தியர் புழுவெட்டு என்றார். பெயர்தான் அப்படி, புழுவும் இல்லை, தொற்றும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குகிறது. தைராய்டும் பார்த்தாச்சு, சரியாக இருக்கிறது.

தலையில் ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தில் வெள்ளையாகப் பூனைமயிர் முளைக்கிறது. புருவத்துக்குத்தான் யோசனை, தோல் குழி விழலாம் என்கிறார்கள். அங்கே ஊசி போட்டவர்கள் இருக்கிறீர்களா? மயிர் வளரப் பூசுகிற மினோக்ஸிடில் மருந்தைப் பாவித்தவர்கள் கண்ணுக்குள் வடியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்காவில் 2022இல் பாரிசிட்டினிப், 2023இல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரிட்லெசிட்டினிப் என்று இரண்டு விழுங்கும் மருந்துகள் அனுமதி பெற்றன. இலங்கையில் வைத்தியர் எழுதித் தந்து எடுத்தவர்கள் இருந்தால் செலவையும் இரத்தப் பரிசோதனைகளையும் பற்றிச் சொல்லுங்கோ.

புருவத்தில் மயிர் நடுவது இப்போது வேண்டாம். நோய் அடங்காமல் நட்டால் அதுவும் கொட்டிவிடும். மைக்ரோபிளேடிங், அதாவது நுண்ணிய ஊசிகளால் தோலில் கீறி நிறமேற்றிப் புருவம் வரைவது பற்றி யோசிக்கிறோம். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஒவ்வொருவருக்கும் புது ஊசி பாவிக்கிற பெண்கள் யாரும் இருக்கினமா? அதுவரை பென்சிலால் வரைந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள், வியர்வையில் அழிகிறது. அழியாத நல்ல பென்சில் தெரிந்தாலும் சொல்லுங்கோ.

வெங்காயம், உள்ளி தேய்க்கச் சொல்லாதேங்கோ. கண்ணுக்குப் பக்கத்தில் புண்ணாகிவிடும்.