ஜூலைக் குளிரில் ஒரு சனி ஞாயிறு: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அருங்காட்சியகம் பார்க்க எந்தச் சின்ன ஊர்?

உம்லாங்கா நெல்லைக்காரி:

வணக்கம். நெல்லையிலிருந்து என் மாமனார் வந்திருக்கிறார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கடற்கரையைக் காட்டினோம், "கடல் திருச்செந்தூரிலேயே இருக்கே" என்றுவிட்டார். மாலுக்குக் கூட்டிப்போனால் வாசலில் உள்ள பெஞ்சைத் தாண்ட மாட்டார். அவருக்குப் பழைய சாமான், பழைய படம், பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பு இதெல்லாம் வேண்டும். ஒவ்வொரு குறிப்பையும் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் நகர்வார்.

பள்ளி விடுமுறையில் வெள்ளி கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்புகிற மாதிரி அமைதியான ஊர் ஒன்று சொல்லுங்கள். கார் ஓட்டம் நாலு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். மாமாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது. சுத்த சைவம். கூட பத்து வயது மகளும் வருகிறாள். லேடிஸ்மித், டண்டி என்று இரண்டு பெயர் காதில் விழுந்தது. இரண்டும் பீரங்கியும் துப்பாக்கியும்தானா, வேறு ஏதாவது உண்டா?

பைன்டவுன்காரன்:

குளிரில் எதுக்கு அவ்வளவு தூரம்? வழியில் வரும் ஹோவிக் ஊரோடு நின்றுகொள்ளுங்கள். 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் போலீஸ் பிடித்த இடம் அங்கேதான். சாலையோரம் 50 இரும்புத் தூண்கள் நிற்கும். பக்கத்தில் போனால் வெறும் கம்பிகள்தான், சரியான இடத்தில் நின்றால் அவர் முகம் தெரியும். உங்கள் மகளுக்குப் பிடிக்கும். பக்கத்திலேயே அருவி, சீஸ் கடை எல்லாம் உண்டு.

சாட்ஸ்வர்த் பெரியவர்:

தம்பி சொன்ன தூண்களைப் பார்க்கட்டும், என்3 நெடுஞ்சாலையில் போகிற வழிதானே. ஆனால் சரித்திர வாத்தியாரைச் சீஸ் கடையில் உட்கார வைக்காதீர்கள், பாவம்.

நான் டண்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அதனால் என் பேச்சு ஒரு பக்கமாகத்தான் சாயும், சொல்லிவிடுகிறேன்.

அம்மா, இரண்டு ஊரையும் பாருங்கள். ஆனால் ஒரு நாளுக்கு ஒரு அருங்காட்சியகம் போதும். சனிக்கிழமை டண்டியில் தலானா. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தலானா மலை மேல் யாரும் ஏறச் சொல்ல மாட்டார்கள், அருங்காட்சியகம் அடிவாரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் (இங்கே குடியேறிய டச்சு வம்சத்தார்) நடந்த போரின் முதல் பெரிய சண்டை 1899 அக்டோபர் 20 அன்று அந்த மலையில்தான் நடந்தது. ஆங்கிலேயத் தளபதி பென் சைமன்ஸ் குண்டடி பட்டு மூன்றாம் நாள் செத்தார். அந்த இடம் பீட்டர் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பண்ணை. தன் சொந்த ஊர் பெயரையே இந்த ஊருக்கும் வைத்தவர் அவர். அவருடைய வீடு அப்படியே நிற்கிறது. ஒரே கட்டடம் இல்லை, மரங்களுக்கு நடுவே தனித்தனியாகப் பல வீடுகள். மாமா ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வெயிலில் சற்று உட்காரலாம், பிறகு அடுத்தது.

போர்ப் பகுதியிலேயே காலையைக் கரைத்துவிடாதீர்கள். நிலக்கரிப் பகுதிக்குத் தெம்போடு போங்கள். சுரங்க விளக்கு கண்ணில் பட்டால் மகளுக்குக் காட்டுங்கள். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை இருக்கும். வலை சூட்டை இழுத்துக்கொள்வதால் உள்ளே எரிகிற தீ வெளியே உள்ள வாயுவைத் தொடாது. வாயு கசிந்தால் சுடரின் தலையில் மங்கலான நீலத் தொப்பி ஒன்று எழும். சுடரை நன்றாகத் தாழ்த்தி வைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். தொப்பி உயர உயர வாயு கூடுகிறது என்று அர்த்தம், கூட இருப்பவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். அப்பா சமையலறையில் ஸ்டவ் திரியைத் தாழ்த்தி, விரலால் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். அம்மா திட்டுவார், மண்ணெண்ணெய் வீணாகிறதாம்.

வாத்தியாருக்கு ஒரு செய்தி. 1913 அக்டோபரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி வந்த தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசல் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் கூட இருந்தார். கூலி ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் தலைக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்த காலம். வேலைநிறுத்தம் சுரங்கம் சுரங்கமாகப் பரவியது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. காந்தி விசாரணைக்கு நின்ற ஊர் டண்டிதான். நவம்பர் 11, ஒன்பது மாதத் தண்டனை. அடுத்த வருடம் வரி ஒழிந்தது. தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் மாமாவுக்குத் தெரிந்திருக்கும், இந்தச் சுரங்கங்கள் தெரிந்திருக்காது. டண்டியில் நின்றுகொண்டு அவரிடம் பேசிப் பாருங்கள்.

ஞாயிறு திரும்பும் வழியில் லேடிஸ்மித். முற்றுகை அருங்காட்சியகம் நகர மன்றத்துக்குப் பக்கத்தில், பழைய சந்தைக் கட்டடத்தில் இருக்கிறது. அதே போரில் போயர்கள் 118 நாள் ஊரை வளைத்துப் போட்டிருந்தார்கள். குண்டுக்குச் செத்தவர்களைவிடக் காய்ச்சலுக்குச் செத்தவர்கள் அதிகம். குதிரையை வெட்டிச் சாறு காய்ச்சி "செவ்ரில்" என்று பெயர் வைத்துக் குடித்தார்கள். மகள் முகம் சுளிப்பாள், ஆனால் அதைத்தான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வாள்.

பிரபு சிங் என்ற பெயரையும் மாமாவிடம் சொல்லி வையுங்கள். ஒப்பந்தக் கூலியாக வந்தவர். புல்வானா மலையில் போயர் பீரங்கி வெடிப்பது தெரிந்ததும் மணியடித்து ஊரை எச்சரிப்பது அவர் வேலை. குண்டு ஊருக்குள் வந்து விழுவதற்குள் மற்றவர்கள் பதுங்கிக்கொள்வார்கள், அவர் இடத்தைவிட்டு அசையவில்லை. காந்தியே இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்தில் எல்லாத் தளபதிக்கும் மீசையோடு படம் இருக்கும். இவருக்கு என்ன இருக்கிறது என்று மாமா தேடட்டும்.

நியூகாசல் அக்கா:

பெரியவர் சரித்திரம் சொல்லிவிட்டார், நான் குளிரைச் சொல்கிறேன். உம்லாங்கா கடற்கரை ஸ்வெட்டரை நம்பி இங்கே வராதீர்கள். பகலில் நல்ல வெயில் அடிக்கும், நாலரை மணிக்கு மேல் சுருக்கென்று இறங்கும், காலையில் புல்லெல்லாம் உறைபனி. இங்கே பல வீடுகளில் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் குளிர் அதிகம். ரூம் போடும்போது ஹீட்டர் உண்டா, மின்கம்பளம் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். போன குளிர்காலத்தில் என் தங்கை குடும்பம் ஒரு விடுதியில் தங்கியது. ஹீட்டர் இருந்தது, பிளக் இல்லை.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையே போன் போட்டுவிடுங்கள். சின்ன ஊரில் சனி மதியத்துக்கு மேல் எது திறந்திருக்கும் என்று நம்ப முடியாது, ஞாயிறு இன்னும் மோசம். லேடிஸ்மித் ஞாயிறு பூட்டியிருந்தால் வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பி, போகும்போதே பார்த்துவிடுங்கள். நகர மன்ற வாசலில் நிற்கிற பீரங்கிகளுக்குப் பூட்டு கிடையாது, அதைப் பார்க்க எந்த நாளும் ஆகும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போங்கள். லேடிஸ்மித்தில் நம்மவர் கடைகள் உண்டு, பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியது) கிடைக்கும். மாமாவுக்குக் காரம் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நேட்டால் மிளகாய்த்தூள் நெல்லைக்காரரையே தண்ணீர் கேட்க வைக்கும்.

உம்லாங்கா நெல்லைக்காரி:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. பெரியவர் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போதே பிரபு சிங் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னொன்று கேட்கச் சொல்கிறார்: டண்டி வரை போகிறோமே, ஆங்கிலேயரும் ஜூலுக்களும் மோதிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் போர்க்களத்துக்கும் போய் வரலாமா?

சாட்ஸ்வர்த் பெரியவர்:

தலானாவும் அதுவும் ஒரே நாளில் வேண்டாம். குறிப்புகளைக் கடைசி வரி வரை வாசிக்கிற மனிதர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஒரு இரவு கூடுதலாகத் தங்க முடிந்தால் மட்டும் பாருங்கள். அப்போதும் நான் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டைச் சொல்ல மாட்டேன், ன்கோமே ஆற்றுக்குப் போகச் சொல்வேன். 1838 டிசம்பர் 16 அன்று போயர்களுக்கும் ஜூலுக்களுக்கும் சண்டை நடந்த இடம். ஒரு கரையில் போயர்கள் தரப்பு நினைவிடம், 64 வெண்கல வண்டிகள் வட்டமாக நிற்கும். எதிர்க் கரையில் ஜூலுக்கள் தரப்பு அருங்காட்சியகம். ஒரே சண்டை, இரண்டு கதை. வாத்தியாருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது, மகளுக்கும் வண்டி எண்ண வேலை கிடைக்கும்.

மண்சாலை வரும், மெதுவாக ஓட்டுங்கள். டண்டியிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். ஆடி ஞாயிறாக இருந்தால் எனக்குப் போன் கீன் போட வேண்டாம், கோயிலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பேன்.