ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது யார் கணக்கில்?

செந்தூல்காரன்:
அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த வாரமே தையலில் சீழ். பக்கத்து கிளினிக்கில்தான் கட்டு மாற்றினோம். அப்புறம் அப்பாயின்மெண்ட் அன்று டாக்டர் ஃபைலைத் திறந்தார். ‘நலமாக வீடு திரும்பினார்’ என்று இருந்தது. அப்பா சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டினார். “ஆறிடும் அங்கிள்” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். ஒரு வரிகூட எழுதவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

பிறை மிஸி:
தம்பி, யாருமே கணக்குப் பார்ப்பதில்லை என்று நினைக்காதீர்கள். ஆபரேஷனை ஒட்டிய மரணங்களை ஆராய 1992லேயே நம் மலேசிய சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்துவிட்டது. நான் ஆபரேஷன் தியேட்டரில் தாதியாக இருப்பவள். ஒருமுறை வயிற்றை மூடும் நேரத்தில் பஞ்சுத்துணி ஒன்று குறைந்தது. சர்ஜன் ஊசியோடு நிற்கிறார், நான் வாளியைக் கொட்டித் தேடுகிறேன். கடைசியில் கல்லீரலுக்குப் பின்னால் ரத்தத்தில் ஊறி ஒட்டியிருந்தது. எண்ணியதால்தான் கிடைத்தது. ஆபரேஷனில் இப்படி எண்ணிச் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் தந்த பட்டியலை 8 நகரங்களில் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் எல்லாச் சிக்கலையும் எண்ணினால், முற்றிய கேஸ் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் கெட்ட பெயர் வரும்.

பட்டர்வொர்த் அக்கா:
மிஸி, அந்தக் கடைசி வரியை ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள் இதற்கு வழி கண்டுவிட்டன. 1991இல் 44 இடங்களில் தொடங்கினார்கள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும், ஆபரேஷனிலிருந்து 30 நாள் வரை தாதிகள் விசாரித்துப் பதிந்தார்கள். நோயாளிகளின் வயது, மற்ற நோய்களை வைத்து எத்தனை பேருக்குச் சிக்கல் வரலாம் என்று கணித்து, உண்மையில் வந்ததோடு ஒப்பிட்டார்கள். முற்றிய கேஸ் பார்ப்பவர்களுக்கு அநியாயம் இல்லை. பட்டியலை மட்டும் நம்பவும் முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளில் கொண்டுவந்தும் மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2014இல் ஆய்வு வந்தது.

நான் ஃபைல் அறையில் வேலை பார்த்தவள். தையல் பிரிந்து வந்த ஒரு பாட்டிக்குப் புது எண்ணில் புது ஃபைல் போட்டார்கள். ஆபரேஷன் நடந்தது வேறு ஆஸ்பத்திரியில், அங்கே அவர் குணமானவர்தான்.

தம்பி, இதைச் செய்யுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளைப் பத்திரமாக வையுங்கள். காயத்தைத் தினமும் தேதியோடு படம் எடுங்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். கிளினிக் மருந்துச் சீட்டையும் கொடுத்து, ‘காயத்தில் சீழ்’ என்று எழுதும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள், போனில் இருப்பதை ஃபைலில் சேர்க்க மாட்டார்கள்.