பலாக்கொட்டையின் செம்பழுப்புத் தோலுக்கு ஒரு சொல்: 'தொலி'

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சமையல் கலைச்சொல் பட்டியலில், விதைக்குள் இருக்கும் பருப்பை மூடிய தோலைக் குறிக்கும் 'டெஸ்டா' (testa) என்பதற்கு நேரே 'விதையுறை' என்று எழுதி முடித்துவிடலாம் என்று இந்த இழையில் பலரும் சொல்லியிருக்கிறீர்கள். தாவரவியல் பாடநூலுக்கு அது போதும். அடுப்படிக்குப் போதாது என்பது என் கருத்து. என் முன்மொழிவு 'தொலி'.

பலாக்கொட்டையையே எடுத்துக்கொள்வோம். சுளையிலிருந்து பிரித்த கொட்டையின் மேல் வழுவழுவென்று ஒரு வெள்ளைத் தோல் இருக்கும். நிழலில் உலரவிட்டால் அது மொடமொடப்பாகி, நகத்தால் கீறினாலே கழன்றுவிடும். அதற்கு உள்ளே, பருப்போடு இறுக ஒட்டிக்கொண்டு, செம்பழுப்பு நிறத்தில் இன்னொரு மெல்லிய தோல். சமையல் குறிப்புகள் இரண்டையும் 'தோல்' என்றே எழுதுகின்றன. "தோலை நீக்கி வேகவைக்கவும்" என்று படிக்கிற புதியவர் எதை நீக்குவார்? வெள்ளைத் தோலை எடுத்தே ஆகவேண்டும். அது எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல வராது. செம்பழுப்புத் தோல் அப்படியல்ல. முருங்கைக்காயும் மாங்காயும் போட்ட குழம்பிலோ, கருவாட்டுக் குழம்பிலோ அது கிடந்தால் ஒன்றும் கெடுதல் இல்லை. தேங்காய்ப்பால் ஊற்றி வெளுப்பாக வைக்கிற கறிக்கு மட்டும், நிறம் மங்காமல் இருக்கக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். ஒன்று கட்டாயம், மற்றது விருப்பம். இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாத கலைச்சொல் சமைப்பவருக்குப் பயன்படாது.

இது பலாவோடு நிற்கிற சிக்கலும் அல்ல. நுங்கை நினைத்துப் பாருங்கள். சுளைமேல் இருக்கிற மெல்லிய தோலோடு சாப்பிட்டால் நாக்கில் துவர்ப்பு ஏறும். அதை உரித்துவிட்டால் வெறும் இனிப்பும் தண்ணீரும்தான். நுங்கு என்பது பனையின் இளம் விதை, அந்தத் தோல் அதன் விதைத்தோல். முந்திரியிலும் அப்படித்தான். வெளி ஓட்டில் கையைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. ஓட்டை உடைத்து எடுத்த பிறகும் பருப்பின் மேல் செம்பழுப்புத் தோல் ஒட்டியிருக்கும், அது துவர்க்கும். சூட்டில் உலர்த்தினால்தான் கழலும். புளியங்கொட்டையை வறுத்து லேசாக இடித்தால் கழன்று விழுகிற கருஞ்சிவப்புத் தோலிலும் துவர்ப்புச் சத்து மிகுதி. இந்த ஒட்டுத்தோலில்தான் பெரும்பாலும் துவர்ப்பும் நிறமும் குடியிருக்கின்றன. அதனால்தான் நம் வீடுகளில் ஊறவைப்பது, வறுப்பது, தேய்ப்பது, சுரண்டுவது என்று இத்தனை வேலை இதன்மேல் நடக்கிறது. இவ்வளவு வேலை வாங்குகிற ஒன்றுக்குத் தனிப் பெயர் வேண்டாமா?

இதுவரை வந்த மற்ற இரண்டு முன்மொழிவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'விதைச்சவ்வு' எனக்கு ஒப்பவில்லை. சவ்வு என்றால் ஈரமாக, இழுபடுவதாகத் தோன்றும். வறுத்த வேர்க்கடலையை ஊதினால் பறக்கிற தோலைச் சவ்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'உள்தோல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கனிச்சுவரின், அதாவது விதையைச் சூழ்ந்திருக்கும் பழப்பகுதியின், உட்பகுதிக்கும் அதைப் போலவே பெயர் இருக்கிறது. மாங்கொட்டையின் கெட்டியான ஓடு உண்மையில் கனிச்சுவரின் உட்பகுதி, விதையைச் சேர்ந்ததே அல்ல. விதை அந்த ஓட்டுக்குள்ளே இருக்கிறது. அதன் தோல் காகிதம் போல மெல்லியது. ஆக மாங்கொட்டையில் 'உள்தோல்' என்றால் ஓடா, ஓட்டுக்குள்ளே இருக்கும் காகிதத் தோலா என்ற குழப்பம் உடனே வந்துவிடும்.

'தொலி' புதிதாகச் செய்ய வேண்டிய சொல் அல்ல என்பதுதான் அதன் பெரிய பலம். நெல்லைச் சீமையில் 'தொலி உளுந்து' என்று கேட்டு வாங்குகிறார்கள். கருப்புத் தோல் போகாத உளுந்து என்று எல்லோருக்கும் புரிகிறது. தோல் போனது உளுத்தம்பருப்பு. தொலியும் பருப்பும் ஏற்கெனவே ஜோடியாகப் புழங்குகின்றன. நாம் அதைப் பழக்கொட்டைகளுக்கும் நீட்டினால் போதும். பலாக்கொட்டைத் தொலி, முந்திரித் தொலி, நுங்குத் தொலி. எதுவும் வாயில் இடறவில்லை.

இன்னொரு வசதி, அது வினையாகவும் வரும். 'தொலித்தல்' என்றால் உரலில் குத்தி உமியும் தோலும் போக்குவது. விதையின் தோலை நீக்குகிற தொழில்முறைக்கு உணவுத் தொழில்நுட்பத்தில் தனிச் சொல் தேவைப்படுகிறது. 'விதையுறை நீக்கம்' என்று அறிக்கை நடையில் எழுதுவதைவிட 'தொலித்த புளியங்கொட்டை', 'தொலிக்காத முந்திரி' என்பது எவ்வளவு எளிது! தொலித்து அரைத்த புளியங்கொட்டை மாவை நெசவில் பாவுக்குக் கஞ்சி போடவும் சணல் ஆலைகளிலும் பயன்படுத்துகிறார்கள். சமையலறைச் சொல்லே ஆலைக்கும் போய்ச் சேரும். ஈழத்துப் பாடநூல்களில் விதைக்கு 'வித்து' என்பார்கள். விதைத்தொலி, வித்துத்தொலி என்று இரண்டோடும் இது ஒட்டும்.

ஒரு தடை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பூசணி விதையையும் வெள்ளரி விதையையும் உடைத்துப் பருப்பு எடுக்கிறோமே, அந்த வெளுத்த கெட்டி மூடி தாவரவியல்படி விதையுறைதான். ஆனால் அதைத் தொலி என்று சொன்னால் கேட்பவர் விழிப்பார். நம் பட்டியல் சமையலுக்கு என்பதால் கையின் வேலையை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். உடைத்து எடுப்பது ஓடு. பருப்போடு ஒட்டியிருந்து, உரித்தோ தேய்த்தோ குத்தியோ கழற்றுவது தொலி. எது எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பதைத் தாவரவியலார் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு 'விதையுறை' இருக்கவே இருக்கிறது. இதன்படி பூசணிக்கு ஓடு, மாங்கொட்டைக்கும் ஓடு, புளியங்கொட்டைக்குத் தொலி. பலாவின் வெள்ளை மேல்தோல் உடைவதும் இல்லை, பருப்போடு ஒட்டுவதும் இல்லை. அதை 'மேல்தோல்' என்றே விட்டுவிடலாம்.

அப்புறம், 'பருப்பு' என்ற சொல் துவரை, பாசிப்பயறு வகையோடு குழம்பும், ஆகவே 'விதையகம்' என்று வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. முந்திரிப்பருப்பு, பாதாம்பருப்பு, மாங்கொட்டைப் பருப்பு என்று மக்கள் இயல்பாகச் சொல்கிறார்கள், எந்தக் குழப்பமும் வந்ததில்லை. கொங்கு நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கொப்பரையைத் 'தேங்காய்ப் பருப்பு' என்றே ஏலம் விடுகிறார்கள். ஓடும் தொலியும் போனபின் தின்ன மிஞ்சுவது பருப்பு. தமிழ் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது.

எனவே மாங்கொட்டைக்குப் பட்டியலில் இப்படி எழுதலாம்: "ஓட்டை உடைத்து, தொலியை உரித்து, பருப்பை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றித் துவர்ப்பைப் போக்கவும்." மாம்பருப்பில் துவர்ப்பு தொலியோடு போய்விடுவதில்லை, பருப்பிலும் நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த ஊறல் வேலை. பலாக்கொட்டைக்கு: "மேல்தோலை நீக்கவும். தொலி இருக்கலாம். நன்றாக வேகவைக்கவும்." வேகவைப்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பச்சைப் பலாக்கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, அது வெந்தால்தான் செயலிழக்கும். தணலில் சுட்டாலும், பனங்கிழங்கு மாவில் செய்யும் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழில் போட்டுக் காய்ச்சினாலும் அது நடந்துவிடுகிறது.

தேங்காயைப் பற்றி ஒரு கேள்வி. வெள்ளையாகச் சட்னி வரவேண்டும் என்று துருவும்போது சிரட்டையை ஒட்டிய பழுப்புப் பகுதியை விட்டுவிடுகிறோம் அல்லவா? அந்தப் பழுப்பும் விதைத்தோல்தான். துருவல் ஆலைகளில் அதைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்களில் வேலை செய்பவர்களிடம் இதற்குச் சொந்தமாக ஒரு சொல் இருக்கக்கூடும். அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் விசாரித்து எழுத முடியுமா? 'தொலி'யைவிட அது பொருத்தமாக இருந்தால் என் முன்மொழிவை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

அன்புடன்.