தன்னார்வ சஸ்டெயினபிலிட்டி பற்றி பிஎச்.டி: பெங்களூரில் எந்தத் துறை, என்ன டேட்டா?

வானதி_வைட்ஃபீல்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக் சுற்றுச்சூழல் பொறியியல் முடித்து, கம்பெனிகளுக்கு பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. வயது 31. சட்டம் கேட்காமலேயே கம்பெனிகளும் மாநகராட்சிகளும் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழிகள் இருக்கின்றனவே, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 சான்று, பசுமைக் கட்டடச் சான்று, நிகர கார்பன் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்கும் நெட் ஜீரோ அறிவிப்பு மாதிரி, அவற்றால் மாசு உண்மையிலேயே குறைகிறதா என்று ஆராய்ந்து, பிறகு ஆசிரியப் பணிக்குப் போக விருப்பம்.

எந்தத் துறையில் சேர்வது? ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகைக்கு வயது தாண்டிவிட்டதா? வேலையை விடாமல் செய்ய வழி உண்டா? முக்கியமாக, டேட்டாவுக்கு எங்கே போவது?

நாகர்பாவி_முரளி:

மேடம், துறையை முதலில் முடிவு செய்யுங்கள், தலைப்பு அப்புறம். 'தன்னார்வ முறைகள்' என்று தனித் துறை எங்கும் கிடையாது. ஒரே சாயப்பட்டறையைப் பார்த்து மேலாண்மைக்காரர் 'இவர் ஏன் சான்று வாங்கினார்' என்று கேட்பார். பொருளாதாரக்காரர் 'வாங்கியதால் கழிவு குறைந்ததா, என்ன செலவில்' என்பார். பொது நிர்வாகம் படித்தவருக்கு 'அரசு ஏன் சட்டம் போடாமல் விட்டது' என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது கேள்வி. அதற்கு எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத்துக்கான புள்ளியியல், வேண்டும். எம்.டெக்கில் அது இருந்திருக்காது, கோர்ஸ்வொர்க்கில்தான் பிடிக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலை விளம்பரத்தில் பாடத்தின் பெயர்தான் பேசும். நெட் தகுதித் தேர்வு சுற்றுச்சூழல் அறிவியலில், பிஎச்.டி மேலாண்மையில், கட்டுரைகள் பொதுக்கொள்கை இதழ்களில் என்று இருந்தால் மூன்று துறை ஸ்க்ரூட்டினியிலும் 'நம்ம பாடம் இல்லை' என்று ஒதுக்கப்பட வாய்ப்பு அதிகம். நெட், பிஎச்.டி, முதல் இரண்டு கட்டுரை, மூன்றும் ஒரே துறைக்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பிசினஸ் ஸ்கூல் வேலை என்றால், ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் ஏபிடிசி பட்டியலில் அந்த இதழ் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று அனுப்பும் முன்பே பாருங்கள்.

பெங்களூரிலேயே பார்க்க வேண்டியவை: ஐஐஎஸ்சி மேலாண்மைத் துறை, ஐஐஎம்-பியின் பொதுக்கொள்கைப் பிரிவு, நாகர்பாவியில் ஐசெக் (சமூக, பொருளாதார ஆய்வு நிறுவனம்), சுற்றுச்சூழல் பக்கம் ஏட்ரீ ஆய்வு நிறுவனம். இடத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவருடைய மாணவர்கள் கடைசியாக எழுதிய நான்கைந்து ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுத் தொகுப்பில் எடுத்துப் படித்தாலே உங்கள் கேள்வி அங்கே பொருந்துமா என்று தெரிந்துவிடும்.

ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆகவே உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் என்ற மேல்நிலை உதவித்தொகை 42,000, வாடகைப்படி தனி. பகுதிநேரப் பிஎச்.டியை யுஜிசியின் 2022 விதிகள் அனுமதிக்கின்றன. வேலை தருபவரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் முடிக்க வேண்டும், ஆனால் ஜேஆர்எஃப் பணம் கிடைக்காது. வேலையில் இருப்பவர்களுக்காக ஐஐஎஸ்சியில் வெளிப்பதிவுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது.

ஆசிரியப் பணியின் கணக்கையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. வேலையில் சேர்ந்த பிறகு புது டேட்டா திரட்ட நேரம் கிடைப்பது அரிது. பிஎச்.டி காலத்திலேயே அடுத்த ஐந்து ஆண்டுக்கான டேட்டா தொகுப்பைக் கட்டிவிடுங்கள்.

கணக்கு_கதிர்:

முரளி சார் சொன்ன இரண்டாவது கேள்வியில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. நல்ல கம்பெனிதான் முதலில் கையைத் தூக்கும். சான்று வாங்கியவர், வாங்காதவர் என்று இரண்டு பட்டியல் போட்டு ஒப்பிட்டால் சான்றின் பலன் வராது, அந்தக் கம்பெனி ஏற்கெனவே எப்படி இருந்தது என்பதுதான் வரும்.

அமெரிக்காவின் 33/50 திட்டத்தைப் படியுங்கள், எல்லாத் தவறும் அதில் பாடமாக இருக்கிறது. 17 நச்சு வேதிப்பொருள்களின் வெளியேற்றத்தை 1992க்குள் 33 சதவீதமும் 1995க்குள் 50 சதவீதமும் குறைப்பதாகக் கம்பெனிகள் தாமாக ஒப்புக்கொண்டன. இலக்கை ஓராண்டு முன்னதாகவே எட்டினார்கள். ஆனால் திட்டம் தொடங்கியது 1991இல், அடிப்படை ஆண்டு 1988. திட்டம் பிறப்பதற்கு முன்பே குறைந்ததும் கணக்கில் சேர்ந்தது. பட்டியலில் இருந்த கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவை ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் எப்படியும் ஒழிய வேண்டியவை. இதையெல்லாம் கழித்த பிறகு திட்டத்தின் சொந்தப் பலன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. வேதித் தொழிலின் ரெஸ்பான்சிபிள் கேர் திட்டத்தைப் பற்றி கிங், லெனாக்ஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது: உறுப்பினர்கள் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறவில்லை, மீறினால் தண்டனை இல்லாத இடத்தில் சோம்பேறிகளும் உள்ளே வந்து ஒளிந்துகொள்கிறார்கள் என்றார்கள். மறுபக்கம், வெளியாள் தணிக்கை உள்ள ஐஎஸ்ஓ 14001 எடுத்த அமெரிக்க ஆலைகள் சட்டத்தை ஓரளவு நன்றாகப் பின்பற்றின என்று பொட்டோஸ்கி, பிரகாஷ் ஆய்வு காட்டியது. ஆக 'தன்னார்வம் வேலை செய்கிறதா' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். யார் சோதிக்கிறார்கள், மீறினால் என்ன நடக்கும் என்று பிரித்துக் கேளுங்கள்.

இந்தியாவுக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. இங்கே தன்னார்வம் பல நேரம் கட்டாயத்துக்கு முந்தைய ஸ்டேஷன். மின்சாதன நட்சத்திர முத்திரை 2006இல் விருப்பமாக வந்தது, 2010இல் ஏசிக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் கட்டாயமானது. கம்பெனிப் பொறுப்புக்கான தன்னார்வ வழிகாட்டல் 2009, 2011. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை 2012இல் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்குக் கட்டாய அறிக்கையாக்கியது. பிஆர்எஸ்ஆர் 2021-22இல் விருப்பம், 2022-23இல் முதல் 1000 கம்பெனிக்குக் கட்டாயம். எதிர்த்திசையிலும் வண்டி ஓடுகிறது. சப்ளையர், வாடிக்கையாளர் பக்கத்து விவரங்களை 'செய், இல்லையேல் காரணம் சொல்' என்று வைத்திருந்த செபி, 2024 டிசம்பரில் அதை விருப்பத்துக்கு மாற்றியது. சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து முந்திக்கொண்ட கம்பெனியையும் தானாக நம்பிச் செய்த கம்பெனியையும் எப்படிப் பிரிப்பது? உங்கள் ஆய்வேட்டின் மையம் இதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை. '1000ஆவது இடத்துக்குச் சற்று மேலும் கீழும் உள்ளவர்களை ஒப்பிடுகிறேன்' என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். 1010ஆவது கம்பெனி பெரும்பாலும் பிஆர்எஸ்ஆரே தராது, அப்புறம் எதை ஒப்பிடுவது? விளைவு எண் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். லாபநட்டக் கணக்கில் வரும் மின்சாரம், எரிபொருள் செலவு ஒரு வழி. சிஎம்ஐஇ ப்ரோவெஸ் என்ற கம்பெனிக் கணக்குத் தரவுத்தளத்தில் கிடைக்கும், ஆனால் உரிமம் இருக்கும் நிறுவனத்தில் சேர வேண்டும். சேரும் முன் நூலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்னொரு புதையல் பழைய ஆண்டறிக்கைகள். கம்பெனிச் சட்டத்தின் 1988 விதிகளின்படி குறிப்பிட்ட தொழில்கள் 'படிவம் ஏ'யில் வாங்கிய மின்சார யூனிட், நிலக்கரி டன் எல்லாம் தர வேண்டியிருந்தது. 2014 விதிகளுக்குப் பிறகு அந்த விவரம் சுருங்கிப்போனது. 2000 முதல் 2013 வரை சான்று எடுத்தவர்களைப் படிக்க இதைவிட நல்ல மூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

வானதி_வைட்ஃபீல்டு:

படிவம் ஏ பற்றித் தெரியவே தெரியாது, மிக்க நன்றி. பிஆர்எஸ்ஆரின் எக்ஸ்பிஆர்எல் (கணினி படிக்கும் வடிவ) கோப்புகளை என்எஸ்இ தளத்தில் இறக்கிப் பார்த்தேன். எண்களில் பயங்கரக் குழப்பம். எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

கணக்கு_கதிர்:

முதல் வேலை அலகு. ஒருவர் கிகாஜூலில் தருவார், ஒருவர் டெராஜூலில், ஒருவர் யூனிட் கணக்கை அப்படியே எழுதிவிட்டு அலகை மாற்ற மறந்திருப்பார். எளிய சோதனை: 1 டெராஜூல் என்பது ஏறத்தாழ 2,77,800 யூனிட். நம் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவைச் சுற்றி கார்பன் டை ஆக்சைடு. ஆகவே கிரிட்டிலிருந்து வாங்கிய ஒவ்வொரு டெராஜூலுக்கும் ஸ்கோப் 2, அதாவது வாங்கிய மின்சாரத்தால் வரும் வெளியேற்றம், சுமார் 200 டன் வர வேண்டும். விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். 0.2 வந்தால் ஆயிரம் மடங்குப் பிழை. 55 வந்தால் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் கலந்திருக்கிறதா என்று அதே அறிக்கையில் தேடுங்கள். சந்தேகம் உள்ளதை அழிக்காதீர்கள், பிடிஎஃப் திறந்து பார்த்துத் திருத்தி, திருத்தியதைத் தனிப் பத்தியில் குறித்துவையுங்கள். ரிவ்யூவர் கட்டாயம் கேட்பார்.

இரண்டாவது, வருமானத்தால் வகுத்த இன்டென்சிட்டி, அதாவது ஒரு கோடி ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு. இதை நம்பி எழுதிய கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு ஆலை இரண்டு ஆண்டும் 90,000 கிகாஜூல்தான் செலவழித்தது. விற்பனை 500 கோடியிலிருந்து 550 கோடியானது, முழுக்க விலையேற்றத்தால். இன்டென்சிட்டி கோடிக்கு 180லிருந்து 163.6க்கு இறங்கி, 9 சதவீதம் சேமித்ததாகத் தெரியும். ஒரு பல்பைக்கூட அவர்கள் அணைக்கவில்லை. உற்பத்தி டன்னால் வகுங்கள். டன் கிடைக்காவிட்டால் அந்தத் தொழிலுக்குரிய மொத்த விலைக் குறியீட்டால் விற்பனையைச் சரிசெய்துவிட்டு வகுங்கள்.

மூன்றாவது, 2020-21ஐ அடிப்படை ஆண்டாக வைக்காதீர்கள். ஊரடங்கால் ஆலைகள் மூடிக் கிடந்த ஆண்டு அது.

பீன்யா_தாமரை:

அரசாங்கப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் நான் சேர்க்கிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆர்டிஐ போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'சான்று பெற்ற ஆலைகள் சட்டத்தைப் பின்பற்றுகின்றனவா' என்று கேட்டால் பதில் வராது. அது கருத்து, ஆவணம் இல்லை. 'இந்தப் பிராந்திய அலுவலகம் 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நீர்ச் சட்டம் 33ஏ பிரிவின்கீழ் சிவப்பு வகை (அதிக மாசு தரும்) ஆலைகளுக்கு அனுப்பிய உத்தரவுகளின் நகல்' என்று கேளுங்கள். கர்நாடகத்தில் ஒரு மனுவுக்கு ஒரே பொருள், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். காற்றுச் சட்டத்தின் 31ஏவுக்குத் தனி மனு, அதற்கும் தனியாக 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பியே நாள் ஓடும், நேராகப் பிராந்திய அலுவலகத்துக்கே போடுங்கள்.

வணிக ரகசியம் என்று மறுத்தால், நீர்ச் சட்டம் 25(6)ஐ எடுத்துக்காட்டுங்கள். அனுமதி நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும், அக்கறையுள்ளவர் வந்து பார்க்கலாம் என்கிறது அது. உத்தரவு வந்த ஆலையையும் சான்று வைத்திருக்கும் ஆலையையும் பெயரால் இணைக்கும்போது கவனம். ஒரே கம்பெனிக்கு நான்கு ஆலை இருந்து சான்று ஒன்றுக்கு மட்டும் இருக்கும். முகவரி, சான்றின் எல்லைக் குறிப்பு இரண்டையும் ஒப்பிடாமல் இணைத்தால் உழைப்பெல்லாம் வீண்.

நகரங்களைப் படிக்க விரும்பினால் இப்போது நல்ல காலம். மும்பை 2022 மார்ச்சிலும் பெங்களூர் 2023 நவம்பரிலும் காலநிலைத் திட்டம் வெளியிட்டன. 2023இல் போபால், ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று உள்ளூர் அளவில் தன்னார்வ மீளாய்வு செய்தது. பெங்களூர்த் திட்டத்தைப் போட்ட மாநகராட்சியான பிபிஎம்பி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. வாக்குறுதி தந்த அமைப்பே கலைந்தபின் அந்த வாக்குறுதி யார் கையில், எந்த பட்ஜெட் தலைப்பில் நிற்கிறது என்று ஐந்து பட்ஜெட் ஏட்டையும் வரிவரியாகப் பார்த்தால் ஒரு முழு அத்தியாயமே வரும்.

நாகர்பாவி_முரளி:

தாமரை மேடம் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. எண்கள் 'நடந்ததா' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. சான்றைக் கைவிட்ட ஆலைகளின் மேலாளர்களை 20, 25 பேராவது பேட்டி எடுங்கள். சேர்ந்தவர்களை எல்லாரும் பேட்டி எடுத்துவிட்டார்கள், விட்டுவிட்டவர்களிடம் போனவர் குறைவு. அதற்கு நெறிமுறைக் குழு அனுமதி முதல் பேட்டிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும், பிறகு வாங்கினால் செல்லாது.

வானதி மேடம், இப்போதைய வேலையில் கையாண்ட வாடிக்கையாளர் கோப்புகள் எதையும் ஆய்வில் தொடாதீர்கள். பெயரை மறைத்தாலும் வேண்டாம், ரகசிய ஒப்பந்தத்தில் சிக்கும். நீங்கள் தயாரித்த அறிக்கைகள் பொதுவெளியில் வந்திருந்தாலும், உங்கள் மாதிரியில் எந்தெந்தக் கம்பெனிக்கு நீங்கள் வேலை செய்தீர்கள் என்று வழிகாட்டியிடம் எழுத்தில் கொடுத்து, அவற்றை நீக்கியும் ஒருமுறை கணக்குப் போட்டு முடிவைப் பின்னிணைப்பில் காட்டுங்கள்.